ஷரீஃபுதீனின் தூக்குக்கோல்

பூனையை நிறுத்துக்கொண்டிருந்தார் ஷரீஃபுதீன். துணிப்பையில் தலை மட்டும் வெளியே நீட்டியபடி அது தூக்குக்கோலின் கொக்கியில் தொங்கியது. எடைக்குண்டைக் கோலின் மேல் ஒவ்வொரு கோடாக நகர்த்தி, கோல் சமமாக நின்றதும், “நாலேகால் காத்தி. போன மாசம் நாலரை. எலியும் இளைச்சுப்போச்சு போல” என்று இறக்கிவிட்டார்.

காஜா பேராங் தெருவில் அவருடைய கடைக்குள் நிறுக்க வேறு எதுவும் இல்லை. ஜப்பான்காரன் வந்த ஒன்றரை வருடத்தில் அரிசி போயிற்று, சீனி போயிற்று, ரப்பர் ஷீட்டும் கொப்பரையும் விற்க வந்தவர்கள் போனார்கள். மிஞ்சியது இரும்பு எடைக்கற்களும் அந்தத் தூக்குக்கோலும்தான். அவருக்கு நாற்பத்தேழு வயது. கோலைத் தூக்கித் தூக்கி வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் தாழ்ந்துவிட்டது. யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “நிறுத்துப் பார்த்தியா?” ஐந்து வேளை தொழுகிறவர், ஆனால் தாயத்துக் கட்டினால் பலம் வரும் என்று ஒருவர் சொன்னபோது அதையும் வாங்கி நிறுத்தார். “இதுக்கும் எடை இருக்கு. ஆனா இது தாயத்தோட எடைதான்” என்று திருப்பிக் கொடுத்தார்.

பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. சும்மா சுற்றிய பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்களை அவர்தான் கடைக்குள் கூப்பிட்டார். எடைக்கற்களை மூங்கிலின் இரு முனையிலும் கட்டினார். ஆனால் கல்லைத் தொட எளிதில் விடமாட்டார். முதல் மாதம் வெறும் மூங்கில். பிறகு முனைக்கு ஒரு காத்தி, அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். “பத்துத் தடவை சிரிச்சுக்கிட்டே தூக்கினாத்தான் அடுத்த காத்தி. பல்லைக் கடிச்சா பழைய காத்தி.” வாசலில் நின்று ஒவ்வொருவனிடமும், “என்ன தின்னே?” என்று கேட்பார். மரவள்ளிக்கிழங்கு என்றால் பாதிக் கல். ஒன்றுமில்லை என்றால், “உக்காரு. நீ எண்ணு, அவன் தூக்கட்டும்.”

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கட்டளை இருந்தது: “முதுகு வளைஞ்சா கீழ வை. யாரு பாத்தாலும் வை. வைக்கிறவன் தோத்தவன் இல்ல, முதுகு ஒடிஞ்சவன்தான் தோத்தவன்.”

தெருவில் பெண்கள் சும்மா இருக்கவில்லை. முன்னால் வந்தவள் பாக்கியலட்சுமி. அவள் கணவனைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய் நான்கு மாதம் ஆகியிருந்தது, செய்தி இல்லை. மிஞ்சியது பதினான்கு வயது மகன் சேதுபதி.

“பாய், இந்த வயசுல இரும்பு தூக்கினா வளத்தி நின்னுடும். குடல் இறங்கிடும். ஒத்தப் பிள்ளை வெச்சிருக்கேன்.”

“எஸ்டேட்டுல இவன் வயசுப் பையன் ரெண்டு வாளி ரப்பர் பால் தூக்குறானே தங்கச்சி, அப்ப நிக்காதா வளத்தி?”

“அது வேலை பாய்.”

“வேலைன்னா எலும்புக்குத் தெரியுமா? வெள்ளைக்காரனுக்குத் தூக்கினா வளரும், தனக்குத் தூக்கினா நிக்கும், அப்படியா?”

வாயால் மட்டும் பேசி நிறுத்துகிறவரில்லை அவர். கதவு நிலையில் கரித்துண்டால் கோடு போட்டு வைத்திருந்தார், ஒவ்வொரு பையனுக்கும் மூன்று மாதத்துக்கு ஒன்று. சேதுபதியின் கோடு ஒன்றரை வருடத்தில் நான்கு விரல் ஏறியிருந்தது. பாக்கியலட்சுமி கையை வைத்து அளந்து பார்த்தாள். மறுநாளும் மகனை அனுப்பினாள். போன வாரம் சேதுபதி ஐம்பது காத்தி மூட்டையை முதுகு வளையாமல் தோளில் ஏற்றினான். அவனைவிட ஷரீஃபுதீன்தான் அதிகம் சிரித்தார்.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் அவள் ஓடிவந்தாள். ஆள் பிடிக்கிற குமாஸ்தா, கிராணி கருணாகரன், பக்கத்து ஊரான செமாபோக்குக்கு வந்திருந்தானாம். வயது கேட்டால் எல்லாத் தாயும் பன்னிரண்டு என்கிறாள் என்று, ஐம்பது காத்தி மண் மூட்டையை நடுத்தெருவில் வைத்துவிட்டானாம். தோளில் ஏற்றினால் ஆள், சயாம். ஏற்றாவிட்டால் பிள்ளை, வீடு. முடியாதது போல நடித்த இரண்டு பேரைக் கூட வந்த ஜப்பான் சிப்பாய் கன்னத்தில் அறைந்து லாரியில் ஏற்றினானாம்.

“நாளைக்கு இங்கதான் பாய். வளராமப் போயிடுவானோன்னு பயந்தேன். இப்ப வளந்ததுதான் பயமா இருக்கு. இவனுக்கு நடிக்கவும் வராது. உங்ககிட்டதானே கத்துக்கிட்டான்!”

ஷரீஃபுதீன் அவளிடம் எதையும் நிறுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. காலி அரிசிப் பெட்டியின் அடியில் கையை விட்டுத் துணியில் சுற்றிய ஒரு பொருளை எடுத்தார்.

அது ஓர் எடைக்குண்டு. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவர் வேலை பார்த்த முதலாளியுடையது. பார்வைக்குச் சரியான குண்டு போலவே இருக்கும், கனம் மட்டும் அதிகம். அதைக் கோலில் மாட்டினால் எண்பது காத்தியும் ஐம்பது என்று காட்டும். அதை வைத்துத்தான் கிராமத்து ஏழைகள் கொண்டுவந்த ரப்பரை முதலாளி வாங்கினார். கண்டுபிடித்த அன்றே ஷரீஃபுதீன் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு வேலையை விட்டு வெளியேறினார். இனி ஒருவரும் அதனால் ஏமாறக் கூடாது என்று ஒளித்து வைத்திருந்தார்.

மறுநாள் கிராணி சிப்பாயோடும் லாரியோடும் வந்தான். ஒன்றரை வருடம் முன்புவரை வெள்ளைக்காரனின் தொப்பி, இப்போது ஜப்பான்காரனின் தொப்பி. உள்ளே அதே தலை. அந்தத் தெருவில் தூக்குக்கோல் இருந்தது ஒரே கடையில்தான்.

“பாய், மண்ணு ரொப்பி அம்பது நிறுத்துக் குடுங்க. பாய் நிறுத்தா தப்பாதுன்னு ஊரே சொல்லுது.”

எல்லார் முன்னிலும் ஷரீஃபுதீன் நிறுத்தார். குண்டு ஐம்பதாவது கோட்டில் நின்றது. கிராணி குனிந்து பார்த்தான். மூட்டையைக் காலால் தள்ளியும் பார்த்தான். தூக்கிப் பார்க்கவில்லை. கிராணிகள் தூக்குவதில்லை.

முதலில் ஹாஜா என்ற பையன், பிறகு இன்னும் மூன்று பேர். மூட்டை முழங்காலைத் தாண்டவில்லை. ஐந்தாவது சேதுபதி. அவன் முகத்தில் பயமே இல்லை. போன வாரம் தூக்கிய கனம்தானே என்று நினைத்தவன் போல, தன் பலத்தைக் காட்டப் போகும் பெருமைதான் தெரிந்தது. குனிந்தான், பிடித்தான், எழுந்தான். மூட்டை இடுப்புவரை வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் ஓர் உந்து உந்தினால் ஏறிவிடும் போலிருந்தது. ஷரீஃபுதீனின் கண் அவன் முதுகிலேயே இருந்தது. அது மெல்ல வளையத் தொடங்கியது.

சேதுபதி மூட்டையைக் கீழே வைத்தான்.

சிப்பாய் சிரித்தான். “பிள்ளைங்க” என்று கிராணி தாளில் கோடு இழுத்தான். லாரி அடுத்த ஊரான புக்கிட் காதில் பக்கம் போயிற்று.

பிறகு தெருவும் சிரித்தது. “ஒண்ணரை வருஷம் இரும்பு தூக்கி அம்பது காத்தி ஏறலியே பாய்! உங்க வித்தைக்குக் கிழங்கு நட்டிருக்கலாம்.” உண்மையைச் சொன்னால் அது கிராணியின் காதுக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும்? பையன்கள் வரவில்லை. பூனையைக்கூட அவர் நிறுக்கவில்லை. பாக்கியலட்சுமி மட்டும் ஒருநாள் வாசலில் நின்று அவித்த கிழங்கு இரண்டை வைத்துவிட்டுப் போனாள்.

எட்டாம் நாள் சேதுபதி வந்தான். கண் உள்ளே போயிருந்தது. அந்த மண் மூட்டை இன்னும் மூலையிலேயே கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்ன தின்னே?” என்றார் அவர்.

“கிழங்கு.” மூட்டையைக் காட்டி, “மாமா, போன வாரம் ஏத்தினேனே. பல்லைக் கூடக் கடிக்கல. இது எப்படி ஏறாமப் போச்சு?” என்றான். பிறகு தயங்கித் தயங்கி, “இன்னொரு தடவை நிறுத்துப் பாக்கலாமா, மாமா?”

ஷரீஃபுதீன் எழுந்து கடைக்கதவைச் சாத்தித் தாழிட்டார். கோலில் மாட்டியிருந்த குண்டைக் கழற்றி அவன் இடது கையில் வைத்தார். அரிசிப் பெட்டியின் அடியிலிருந்த துணியை அவிழ்த்து, மற்றதை எடுத்து அவன் வலது கையில் வைத்தார். பையனின் வலது கை தாழ்ந்தது.