மூக்கு லாரிக்குப் பூசிய நீலம்

பட்டறைப் பக்கம் அவரை எல்லோரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பெயிண்ட் அடித்து விட்ட கதவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்று ஒரு வேன்காரர் சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. வாருவதற்கு அவர் தலையில் அவ்வளவாக முடி இல்லை என்பது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்டவர் சொந்த வீட்டு வண்டிக்குப் பெயிண்ட் அடித்தபோது கோட்டை விட்டார்.

வண்டி அவருடைய மாமனார் ஓட்டியது. முன்பக்கம் நீண்ட மூக்கும், அதன் இரு பக்கமும் உருண்டைக் கண்கள் மாதிரி விளக்குகளும் வைத்த பழைய லாரி. அந்த மாதிரி வண்டியை இப்போதெல்லாம் யாரும் செய்வதில்லை. ரோட்டில் போனால் கிழவர்கள் நின்று பார்ப்பார்கள். மாமனார் போன பிறகு அது மச்சினன் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடந்தது. விற்க யாருக்கும் மனசு வரவில்லை, ஓட்ட யாருக்கும் நேரமில்லை.

கண்ணாடியின் மனைவி அந்த லாரியில்தான் வளர்ந்தாள் என்றே சொல்லலாம். பள்ளிக்கூட விடுமுறை முழுவதும் அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனவள். கால் எட்டத் தொடங்கியதும் அதில்தான் ஓட்டப் பழகினாள். கல்யாணமான புதிதில், கணவன் ஸ்கூட்டரில் கியர் மாற்றுவதைப் பார்த்துவிட்டு, "இப்படி இழுத்தா பாவம், அதுக்கு வலிக்காதா?" என்று கேட்டவள். இப்போது அவள் கடல் தாண்டி வேறொரு நாட்டில், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு வருஷமும் லீவு கிடைக்கும் என்பாள். ஒவ்வொரு வருஷமும் அது ஏதாவது ஒரு காரணத்தால் தள்ளிப்போகும். மகளும் படிப்புக்காக வெளியூர் விடுதிக்குப் போய்விட்ட பிறகு, கண்ணாடி வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். அவளுடைய தலையணை உறையை மட்டும் மாதம் தவறாமல் துவைத்து மாட்டுவார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

இந்த வருஷம் அவள் போனில் சொன்னாள்: "லீவு உறுதியாயிடுச்சுங்க. வந்ததும் அப்பா வண்டியில ஒரு சுத்து போகணும். எத்தனை நாள் ஆசை தெரியுமா?"

மச்சினன் மெக்கானிக். அவன் எஞ்சினை எழுப்பும் பொறுப்பை எடுத்துக்கொண்டான். உடம்பைக் கண்ணாடி எடுத்துக்கொண்டார். துருவைச் சுரண்டினார், ஒடுக்கெடுத்தார், பள்ளங்களுக்குப் பட்டி பார்த்தார், பிரைமர் அடித்தார். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டதற்கு அவள், "மழை வர்றதுக்கு முன்னால வானம் ஒரு நீலமா ஆகுமே, அது" என்றாள். அந்த நீலத்தைக் கலக்கி எடுக்கவே அவருக்கு மண்டை காய்ந்துவிட்டது.

எல்லாம் நிதானமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அவள், "டிக்கெட் முன்னாடியே கிடைச்சிருச்சு, நான் முந்தி வர்றேன்" என்றாள். கண்ணாடிக்குத் தலைகால் புரியவில்லை. காற்று அடங்குகிற வரை காத்திருக்காமல், தூசி வராமல் கொட்டகையில் கட்டியிருந்த பிளாஸ்டிக் திரை கிழிந்திருந்ததையும் பொருட்படுத்தாமல், அன்று மத்தியானமே பெயிண்ட் துப்பாக்கியை எடுத்து மொத்த வண்டியையும் அடித்து முடித்தார். மற்றவர் வண்டியென்றால் கனவிலும் அப்படிச் செய்ய மாட்டார்.

மறுநாள் காலை வெயிலில் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். மட்கார்டு முழுக்க மணல் தூவிய மாதிரி தூசி உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டுத் தகடு ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக மேடு தட்டியிருந்தது. டிரைவர் கதவின் அடியில் பெயிண்ட் கனத்து, கண்ணீர் வடிந்த மாதிரி கோடாக ஒழுகி உறைந்திருந்தது.

"மாமா, ரோட்டுல ஓடுற வண்டி. யாரு கிட்ட வந்து பார்க்கப் போறா?" என்றான் மச்சினன்.

"உங்கக்கா பார்ப்பா."



பெயிண்ட் நன்றாக இறுகினால்தான் தேய்த்து மட்டமாக்க முடியும். இறுகட்டும் என்று விட்டிருந்த நாட்களில்தான் அந்த போன் வந்தது. அவள் பார்த்துக்கொள்ளும் கிழவி கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பெற்ற பிள்ளைகளையே மறந்துபோன கிழவி அது. இவள் கையை மட்டும் தெரிந்துவைத்திருக்கிறது. வேறு யார் ஊட்டினாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறதாம்.

"அதைப் பார்த்துட்டு எனக்குக் கிளம்ப மனசு வரலைங்க. டிக்கெட்ட திருப்பிக் குடுத்துட்டேன்."

"சரி."

"கோவமா?"

"இல்ல."

"பின்ன ஏன் பேசாம இருக்கீங்க?"

"பெயிண்ட் இன்னும் காயல" என்றார் கண்ணாடி. சம்பந்தமில்லாத பதில்தான்.

போனை வைத்துவிட்டு நேராக லாரியிடம் போனார். வாளியில் சோப்புத் தண்ணீர் எடுத்து, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை ரப்பர் கட்டையில் சுற்றி, மூக்கின் மேல் தேய்க்கத் தொடங்கினார். வண்டியிலேயே அந்த இடம் ஒன்றுதான் பழுதில்லாமல் வந்திருந்தது. அது அவருக்கும் தெரியும். தேய்த்தார், தேய்த்தார், கை நிற்கவில்லை. அவர் நினைப்பெல்லாம் முகம் தெரியாத அந்தக் கிழவி மேல் இருந்தது. நமக்கென்று இருக்கிற ஒருத்தியை எங்கேயோ இருக்கிற ஒருத்தி கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாளே என்று இருந்தது. நினைவு திரும்பியபோது மூக்கின் விளிம்பில் நீலம் போய், அடியிலிருந்த பிரைமரின் சாம்பல் நிறம் வாழை இலை அகலத்துக்குப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

மச்சினன் வந்து பார்த்தான். "மாமா, நல்லா இருந்த இடத்த ஏன் தேய்ச்சீங்க?"

அவன் அவர் கையிலிருந்து பேப்பரை மெதுவாக வாங்கி வாளியில் போட்டுவிட்டு, டீ வாங்கப் போனான்.

அடுத்த நாள் அவளே கூப்பிட்டாள். அவளுக்கு இடைவேளை, இங்கே மத்தியானம்.

"வண்டிய காட்டுங்க."

அவர் தூரத்தில் நின்று போனைத் திருப்பினார்.

"கிட்டப் போங்க. இன்னும் கிட்ட. யார ஏமாத்துறீங்க, நான் லாரிக்காரர் பொண்ணு."

வேறு வழியில்லாமல் போனை மெல்ல நகர்த்திக் காட்டினார். மட்கார்டு, பக்கத் தகடு, சாம்பல் தெரிந்த மூக்கு.

"அவசரத்துல அடிச்சீங்களா?" என்றாள்.

"நீ முந்தி வர்றேன்னு சொன்ன."

அவள் முகம் திரையிலிருந்து விலகியது. கொஞ்ச நேரம் சுவரும் அதில் பதித்த கைப்பிடிக் கம்பியும் மட்டும் தெரிந்தன. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் குரலைச் சரிப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"கதவுக்குக் கீழ ஒழுகியிருக்கே, அத முதல்ல எடுங்க. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

அன்று தொடங்கியது அது. அவளுடைய இடைவேளை வரும்போது கண்ணாடி போனைத் தின்னர் டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு வேலை செய்வார். ஒழுகலை முதலில் பிளேடால் சீவினார், பிறகு தண்ணீர் விட்டுக் கட்டையால் மட்டம் பிடித்தார். நீலம் கரைந்து பால் மாதிரி வழியும். துடைத்துவிட்டுக் குழல் விளக்கைச் சாய்த்துப் பிடிப்பார். "வலது பக்கம் இன்னும் ஒரு மேடு இருக்கு" என்பாள் அவள். "அது உன் போன் கண்ணாடியில இருக்கிற கீறல்" என்பார் இவர். இருவரும் சிரிப்பார்கள். பல வருஷமாக "சாப்டீங்களா", "சாப்டேன்", "மாத்திரை போட்டீங்களா", "போட்டேன்" என்று தேய்ந்துபோயிருந்த பேச்சு, ஒரு லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்து நடந்தது.

ஒரு நாள் அவள் போனைக் கிழவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

"தேய்ங்க. நிறுத்தாதீங்க."

"ஏன்?"

"அந்தச் சத்தம் அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. கேட்டுக்கிட்டே கண்ண மூடுறாங்க."

திரையில் வெள்ளைத் தலையணையும் அதில் புதைந்த சின்ன முகமும் தெரிந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. இவளுடைய இரண்டு விரல்களைக் கிழவியின் கை பற்றியிருந்தது. இத்தனை நாள் மனசுக்குள் திட்டித் தீர்த்த ஆளை அப்போதுதான் பார்த்தார் கண்ணாடி. ஈர்க்குச்சி மாதிரி இருந்தது அந்தக் கை. அவர் பேப்பரை இன்னும் மிருதுவானதாக மாற்றிக்கொண்டு, தண்ணீரைத் தாராளமாக விட்டு, சீராக, தொட்டில் ஆட்டுவது போலத் தேய்த்தார். கிழவி தூங்கிய பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

காற்றே இல்லாத ஒரு காலையில், தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, திரையைப் புதிதாகக் கட்டி, மூக்குக்கு மறுபடி நீலம் அடித்தார். அவசரமில்லாததால் சுத்தமாக வந்தது. பிறகு வண்டி முழுக்கக் காம்பவுண்ட் பசை தடவி மிஷினால் மெருகேற்றினார். மச்சினன் சும்மா இருக்காமல் அதன் முன் நின்று மீசை ஒதுக்கிக்கொண்டான்.

கிழவி குளிர்காலத்தின் முடிவில் இறந்துபோனது. அவள் போனில் அழுதபோது இவரால் "ம்" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. தனக்கும் ஏன் அழுகை வருகிறது என்று அவருக்கு வியப்பாக இருந்தது.

அதற்கப்புறம் அவள் வந்தாள். மச்சினன் போய் அழைத்து வந்தான். கொட்டகை வாசலில் பெட்டியோடு நின்றவளைப் பார்த்ததும் கண்ணாடிக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. திரையில் பார்த்தவளைவிட இவள் குள்ளமாக இருந்தாள். காதோரம் நரைத்திருந்ததைப் போன் காட்டவே இல்லை. அவளும் அவர் முகத்தைப் பார்க்காமல் லாரியைச் சுற்றி வந்தாள். கதவருகே கையை நீட்டி, தொடாமல் நிறுத்தினாள்.

"தொடு. காஞ்சிருச்சு" என்றார்.

உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை. "படத்துல நீலம் இவ்வளவு ஆழமாத் தெரியல" என்றாள். பிறகு அதே கையால் அவர் கையைப் பிடித்துத் திருப்பி, தண்ணீரில் ஊறி ஊறி வெடித்துப்போன விரல் நுனிகளைப் பார்த்தாள். "இதையும் காட்டல நீங்க."

வந்திருந்த நாட்களில் பெரும்பாலும் லாரியில்தான் சுற்றினார்கள். அவள் ஓட்டினாள். கண்ணாடி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, கியர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் வந்து சேர்ந்த நாளில் மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தித் தண்ணீரைப் பார்த்தார்கள். "போகாம இருந்துடேன்" என்று அவர் ஒரு தரம் கேட்டார். "பொண்ணு படிப்பு முடியட்டும்ங்க" என்றாள் அவள். அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் கேட்காமல் அனுப்பினால் அவளுக்கு வலிக்குமே என்று கேட்டார்.

லீவு முடிந்து அவள் போய்விட்டாள்.

கண்ணாடி சில நாள் பட்டறைக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தார். அப்புறம் ஒரு பால் வேன் வேலைக்கு வந்தது. பின் கதவில் பெயிண்ட் சுருங்கியிருந்தது, யாரோ கற்றுக்குட்டி அடித்தது. அவர் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மத்தியானம் போன் அடித்தது.

"எனக்குப் புதுசா ஒரு தாத்தாவக் குடுத்திருக்காங்க" என்றாள். "யாரோடயும் பேச மாட்டேங்கிறார். நீங்க என்ன பண்றீங்க?"

"ஒரு பால் வேன்."

"காட்டுங்க."

கண்ணாடி கையைத் துடைத்துக்கொண்டு, போனைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்தார்.