பம்புசெட் என்று போன பெட்டி

சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் யாருடைய டிபன் பாக்ஸோ என்று நினைத்து மோந்து பார்த்தவன் நான். வயர்லெஸ்ஸோடு அதை இணைத்துப் பேசினால், மறுமுனையில் அதேபோல் இன்னொரு பெட்டி வைத்திருப்பவருக்கு மட்டும்தான் புரியும். நடுவில் ஒட்டுக்கேட்பவனுக்கு வெறும் இரைச்சல். தஞ்சாவூருக்கு வெளியே, மூன்று பக்கமும் வயல் சூழ்ந்த கட்டடத்தில் அதைச் செய்தோம். இப்படிப்பட்ட சாமானை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசின் தனி அனுமதி வேண்டும். யார், எதற்காகப் பயன்படுத்தப்போகிறார்கள் என்று எழுதித் தர வேண்டும். எழுதும் குமாஸ்தா நான். படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் இன்ஜினியர், நான் அக்கா என்று அழைத்த பூதலூர்க்காரர். நடவுக்கும் களையெடுப்புக்கும் போன குடும்பத்தில் முதலில் படித்தவர். வீட்டில் அந்த ஒரு சம்பளம்தான்.

ஒருமுறை, வாங்குபவர் தான் யார் என்று சொல்ல மறுத்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "பம்புசெட் ஸ்டார்ட்டர்னு போட்டுரு" என்றார். வீட்டிலிருந்து செல்போனில் கூப்பிட்டால் வயலில் மோட்டார் ஓடுமே, அந்தக் கருவி. அதற்கு அனுமதி வேண்டியதில்லை. நான் மறுத்தேன் என்று எழுத ஆசைதான். எத்தனை குதிரைசக்தி என்று போடுவது என்றுதான் கேட்டேன். ஐந்து என்றார்.

அக்கா தாளைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி, வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா எங்கப்பா போடுற சத்தம் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேக்கும். மோட்டார் போடறதுக்கு எந்த ஊரு விவசாயி ரகசியம் பேசறான்?"

மேனேஜரே எழுந்து வந்தார். "பெர்மிஷன் கேட்டா மாசக்கணக்கா இழுத்தடிப்பாங்கம்மா. இது என்ன வெடிகுண்டா?"

"யாரு கைக்குப் போவுதுன்னு சொல்லுங்க சார், இப்பவே போடறேன்."

"அது உனக்கு எதுக்கு?"

"எனக்கில்ல சார். தாள்ல கேட்டிருக்கு."

அந்த வாரமே அக்காவின் வேலை போயிற்று. கோப்பில் 'ஒத்துழைக்காதவர்' என்று எழுதியவன் நான். எழுத்து அழகாக இருக்கும் என்பார்கள். அவர் போட மறுத்த இடத்தில் கையெழுத்திட்டவனும் நான்தான், பி.காம். படித்த தொழில்நுட்ப அதிகாரி. பெட்டிகள் கப்பலேறின. எவனுடைய உத்தரவை அவை மறைத்தன, அந்த உத்தரவில் யார் வீட்டுக் கதவு உடைந்தது, எனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகவே செய்த பெட்டி அது. சட்டத்தைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கேட்க வேண்டியதைச் சரியாகத்தான் கேட்டது. பதில் எழுத உட்கார்ந்தவன்தான் சரியில்லை. கண்ணாடியில் அவனுக்குத் தினமும் சவரம் வேறு செய்துவிட வேண்டியிருக்கிறது.

போன வாரம் திருச்சியிலிருந்து ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்காரர் போன் செய்தார். அக்கா அங்கே வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாராம். ஆள் எப்படி என்று விசாரித்தார். அக்காவின் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன் நான். இத்தனை வருடம் கழித்து ஒரு நல்லது செய்ய வாய்த்ததே என்று எழுந்து நின்றே பேசினேன்.

"ரொம்ப நேர்மையானவங்க சார். என்ன ஏதுன்னு தெரியாம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டாங்க."

மறுமுனையில் ஏதோ தாளைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

"நல்லவேளை சொன்னீங்க சார்" என்று வைத்துவிட்டார்.