மஞ்சள் ஏறாத இடங்கள்

ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டி வீடும் காரும் செய்து பிள்ளைகள் விளையாடுகிற பிளாஸ்டிக் கட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பிரித்துக் கொடுப்பதுதான் என் தம்பியின் தொழில். வீடுகளிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவன் கழுவி, வடிவம் வாரியாக, நிறம் வாரியாகப் பிரித்து, பெட்டிகளில் போட்டுத் தருவான். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.

மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு வந்து இதை அவன் சொன்ன அன்று எனக்குத் தலை சுற்றியது.

“பிள்ளைங்க கொட்டுனத பொறுக்கி வைக்கிறதுக்கு யாருடா காசு குடுப்பா? அவங்கவங்க அம்மா இல்லையா?”

“அம்மாங்கதான்க்கா முதல்ல வர்றாங்க” என்றான்.

வீட்டில் அவனுக்கு எறும்பு என்று பெயர். நாலு வயதில் அரிசியில் கல் பொறுக்கச் சொன்னால், கல்லைத் தனியாக, உடைந்த அரிசியைத் தனியாக, முழு அரிசியைத் தனியாக வைத்துவிட்டு, இன்னும் வேலை இருக்கிறதா என்று கேட்பான். அன்று சிரித்தோம். இன்று டயர் கடைக்கு மேலே இருக்கும் அறையில், நீள மேசை, மூன்று வெள்ளை விளக்கு, நூற்று நாற்பத்து நான்கு தட்டு என்று உட்கார்ந்திருக்கிறான். கட்டையின் மேலுள்ள குமிழ் நான்கா ஆறா என்று அவன் பார்ப்பதில்லை. விரலே சொல்லிவிடும். மூட்டைகளில் வரும் வேண்டாத சாமான்களுக்கு ஒரு கண்ணாடி ஜாடி வைத்திருக்கிறான். ஹேர்பின், காய்ந்த பட்டாணி, ரிமோட் பட்டன். ஒருநாள் அதற்குள் ஏழு பால் பற்களைப் பார்த்துவிட்டு நான் ஜாடியைக் கீழே போட இருந்தேன்.

அவனிடம் இரண்டு விதி உண்டு. ஒருவர் சரக்கு இன்னொருவர் சரக்கோடு கலக்கக் கூடாது. இரண்டு கட்டை சேர்ந்தபடி மேசையை விட்டுப் போகக் கூடாது. இப்போது மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. அது என்னால் வந்தது.

நான் சட்டை கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங் பார்த்தவள். பொத்தான் எண்ணுவது, நூல் பிசிறு வெட்டுவது, கறை பார்ப்பது. கம்பெனியை மூடியதும், “வீட்ல உக்காந்து என்னக்கா பண்ணப்போற, இங்க வா” என்றான். போனேன். இரண்டாவது வாரத்தில் ஒரு ஆள் பதினோரு கிலோ மூட்டையை இறக்கிவிட்டுப் போனான். வீடு மாற்றுகிறார்களாம், எல்லாவற்றையும் பிரித்துக் கழுவிக் கொடுத்தால் விற்றுவிடுவானாம். தம்பி வேறொரு சரக்கைக் கொடுக்கப் போயிருந்தான். நானே பிரித்தேன்.

அடியில் ஒரு சின்ன வீடு கிடந்தது. வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை. அப்படி ஒரு கோணலை நான் பார்த்ததில்லை. ஒரு சுவர் வெளியே தள்ளி நின்றது, சில கட்டைகள் ஒரே குமிழில் தொங்கின. கை வராத குழந்தை எதுவோ கட்டியிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே பிரித்தேன். நாற்பத்தொரு கட்டை. எண்ணுவது பழக்கம், எண்ணினேன். சோப்புத் தண்ணீரில் அலசித் துடைத்து, அந்தந்தத் தட்டில் போட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு அம்மா படியேறி வந்தார்கள். அறுபது வயது இருக்கும். வலது கை மணிக்கட்டை இடது கையால் பிடித்திருந்தார்கள்.

“தம்பி, என் பையன் ஒரு மூட்டை குடுத்தான்ல, அதுல ஒரு வீடு இருக்கும். அத மட்டும் குடுத்துருங்க. அது என்னன்னு அவனுக்குத் தெரியாது.”

தம்பி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அவர்கள் தையல்காரர். முப்பது வருஷம் ரவிக்கை தைத்த கை. ஒருநாள் மூளையில் இரத்தம் அடைத்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பயிற்சி கொடுத்தவர் பேரப்பிள்ளையின் கட்டைகளைக் காட்டி, இதை மாட்டுங்கள் என்றாராம். ஒரு கட்டை மாட்ட முதலில் ஒரு நாள் ஆயிற்று. அந்த வீட்டுக்கு ஆறு மாதம். அதன் பிறகு மூன்று வருஷமாக அது தையல் மெஷின் பக்கத்து ஜன்னலில் இருந்தது.

“இந்தக் கை செத்துப்போச்சுன்னு சொன்னப்புறம் செஞ்சதுப்பா அது” என்றார்கள்.

கோணல் என்று சிரித்தேனே. கறை போகத் தேய்த்தேனே.

“நான்தாம்மா பிரிச்சிட்டேன்” என்றான் தம்பி.

“இல்லம்மா, நான்தான்” என்றேன். “இவன் அன்னிக்கு இங்க இல்லவே இல்ல.”

அந்த அம்மா திட்டவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, சுற்றிலும் இருந்த தட்டுகளைப் பார்த்தார்கள். அவர்கள் சரக்கு மட்டும் ஐயாயிரத்துச் சொச்சம் கட்டை.

தம்பி ஒரு வெள்ளைக் கட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான். “ஜன்னல்ல வெயில் வருமா?”

“மத்தியானத்துக்கு மேல சுள்ளுன்னு அடிக்கும்.”

அவர்களுடைய வெள்ளைக் கட்டைத் தட்டுகளை எல்லாம் விளக்கடியில் கவிழ்த்தான். அப்போதுதான் என் கண்ணுக்கும் பட்டது. பெரும்பாலானவை பால் வெள்ளை. சில மட்டும் பழைய தாள் போல மஞ்சளித்திருந்தன. நான் கறை என்று தேய்த்தது அதைத்தான். அந்த மஞ்சளிலும் ஒவ்வொரு கட்டையிலும் ஒரு இடம் பளிச்சென்று இருந்தது. இன்னொரு கட்டை மேலே உட்கார்ந்து வெயிலை மறைத்த இடம்.

“மொத்தம் எத்தனைக்கா?”

“நாப்பத்தொண்ணு.”

“நிச்சயமா?”

“என்கிட்டயே கேக்குறியாடா?”

முதல் முறையாக அவன் முகத்தில் லேசான சிரிப்பு வந்தது. வெள்ளையில் இருபத்தாறு எடுத்தான். சிவப்பில் வெளுத்தவை பதினைந்து. ஒன்றின் பளிச்சென்ற இடத்தோடு இன்னொன்றின் அளவைப் பொருத்திப் பார்த்து, வரிசை வரிசையாக மேசையில் வைத்தான். பூட்டுக்குச் சாவி பார்ப்பது மாதிரி இருந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியது. கடைசியில் அடி வரிசையிலிருந்து கூரை வரை எல்லாம் படுத்துக் கிடந்தது, மாட்டாமல். என்னோடு பிறந்தவனுக்கு இப்படி ஒரு கண் இருப்பது நாற்பது வருஷமாக எனக்குத் தெரியாது.

“மாட்டிக் குடுத்துருடா” என்றேன்.

“நான் மாட்டுனா அது நான் கட்டுன வீடு. அம்மா, நீங்க மாட்டுங்க.”

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. “ஆறு மாசம் ஆகும் தம்பி. பரவாயில்லையா?”

“உக்காருங்க. டீ சொல்றேன்.”

இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் முதல் கட்டையை எடுத்தார்கள். குமிழில் வைத்து அழுத்தினார்கள். மாட்டியது. இரண்டாவதும் மாட்டியது. டீ வந்து, ஆடை கட்டி, ஆறிப்போனது. யாரும் தொடவில்லை. கூரையின் கடைசிக் கட்டை உட்கார்ந்தபோது நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பது நிமிஷம்.

அந்த அம்மா வீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். திருட்டில் அகப்பட்டவர் போல எங்களைப் பார்த்தார்கள்.

“இது நேரா நிக்குது.”

நின்றது. சுவர் வெளியே தள்ளவில்லை, எதுவும் தொங்கவில்லை. ஆனால் அங்கங்கே, மஞ்சளுக்கு நடுவில், வெள்ளை வெள்ளையாகப் பட்டைகள் வெளியே தெரிந்தன. முன்பு கோணலாக உட்கார்ந்திருந்தவை மறைத்து வைத்த இடங்கள். அந்தக் கோணல் வீடு முழுக்க அங்கேயே வரைந்தது போலத் தெரிந்தது.

“தெரியாம நேரா வச்சிட்டேன். மாத்தணுமா தம்பி?”

“கை எப்படி வச்சுதோ அப்படியே இருக்கட்டும்மா.”

அவர்கள் வலது உள்ளங்கையை விரித்து, கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுவார்கள் என்று நினைத்தேன். “வராதுன்னு மூணு வருஷமா இந்தக் கையால டம்ளர்கூடத் தூக்கலையே நான்” என்றார்கள்.

அட்டைப் பெட்டியில் வைத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்கள். இப்போது ரசீதில் சேர்ந்தபடி வருவதைப் பிரிக்கலாமா என்று ஒரு வரி இருக்கிறது, அதுதான் மூன்றாவது விதி, என் கையால்தான் எழுதுகிறேன். ஆனால் அன்று நடந்ததை எந்த ரசீதில் எழுதுவது? அந்த அம்மா வீட்டை வலது உள்ளங்கையில் ஏந்தி, இடது கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, டயர் கடைப் படியில் இறங்கினார்கள். மொத்தம் பதினான்கு படி. ஒவ்வொன்றாக எண்ணினேன். பதினான்காவதில்தான் என் தம்பி மூச்சு விட்டான்.