மாப்பிள்ளைக்காக நான் போன கூட்டம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ராயபுரத்தில் நடந்தது இது.

அப்போது என் மகள் குழந்தையோடு காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை எர்ணாவூரில் தனியாக இருந்தார். துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். நல்ல மனிதர், குடி ஒன்றுதான் குறை. இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு முறையும் வெளியே வந்து குடித்தார். இனி அந்த வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று மகள் சொல்லிவிட்டாள்.

குடியைப் பற்றி மாப்பிள்ளையிடம் மாமனார் நேராகப் பேசுவது எங்களில் வழக்கமில்லை. குடியை விட்டவர்களே வாராவாரம் கூடிப் பேசும் இடம் ஒன்று இருப்பதாக ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தார். விசாரித்ததில், மாதா கோயிலை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் என்று தெரிந்தது. கண்ணால் பார்க்காமல் எனக்கு எதிலும் நம்பிக்கை வராது. துறைமுகத்து ஆட்கள் யாராவது அங்கே இருந்து, அதனால் மாப்பிள்ளையின் வேலைக்கு வம்பு வந்தால்? முதலில் நோட்டம் பார்த்துவிடலாம் என்று நான் மட்டும் கிளம்பினேன்.

மூன்றாம் வகுப்பு அறை. பதினான்கு நாற்காலிகள், ஒன்பது பேர், மூன்று ஜன்னல்கள். எதைக் கண்டாலும் எண்ணுகிற பழக்கத்தில் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்த என்னை, படகில் கடலுக்குப் போகிற ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தம் நாற்காலியிலேயே உட்காரவைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். புதிதாக வருகிறவரை அப்படி வரவேற்பதுதான் அங்கே முறையாம். டீ வந்தது. பேர் மட்டும் சொன்னால் போதும் என்றார்கள்.

எனக்குக் குடிப்பழக்கமே கிடையாது என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மெதுவாகத் தலையாட்டினார்கள்.

"பரவால்ல நைனா, நானும் மொத நாளு இதத்தான் சொன்னேன்" என்றார் படகுக்காரர்.

வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்று குரலை உயர்த்தினேன். இன்னும் பரிவாகத் தலையாட்டினார்கள். கோபத்தில் கையிலிருந்த டீ கிளாஸ் ஆடியது. அது வயசு நடுக்கம் என்று விளக்கினேன்.

"எனக்கும் ஆறு வருசமா வயசு நடுக்கந்தான் இருந்துச்சி நைனா" என்றார், நாற்பது வயதுகூட இருக்காத ஒருவர்.

வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையின் விஷயத்தைச் சொன்னேன். படகுக்காரர் என் பக்கமாகக் குனிந்தார்.

"அவுருக்கு பதிலா நீ வந்து குந்திகினா அவுரு குடி நிக்காது நைனா. அவுர இஸ்துகினும் வராத. வூட்டாண்ட போயி, இங்க உனக்கு இன்னா ஆச்சோ அத்த மட்டும் சொல்லு."

இது குடிநோயாளிகளுக்கு மட்டுமான கூட்டம் என்று தயக்கத்தோடு சொன்னார்கள். டீயை முழுவதும் குடிக்கவைத்துத்தான் அனுப்பினார்கள். பஸ் நிறுத்தம்வரை ஒருவர் துணைக்கு வந்தார். எனக்கு அவமானம் ஆறவில்லை.

மறுநாள் ஞாயிறு. குழந்தையைப் பார்க்க வருகிற அந்த ஒரு காலையில் மட்டும் மாப்பிள்ளை குடிக்கமாட்டார். அவரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், அந்தக் கூட்டத்தில் என்னைக் குடிகாரனாக்கிவிட்ட மனக்குறையையே கொட்டினேன். என்னைப் பார்த்தால் குடிகாரன் மாதிரியா இருக்கிறது என்று கேட்டேன்.

"உங்களையா மாமா?" என்றவர் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு தாங்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சமையலறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். அப்படி அவர் சிரித்து எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன. திடீரென்று சிரிப்பு நின்றது.

"எனக்கோசரமா மாமா போனீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை அவராகவே போனார். துணைக்கு வரட்டுமா என்ற கேள்வி என் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அன்று மாலை முழுவதும் மாடியில் நடந்தேன். எத்தனை நடை என்ற கணக்கு என் வாழ்க்கையில் முதல்முறையாகத் தப்பிப்போனது.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டாவது மாதம், கூட வேலை செய்தவரின் சாவுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். எல்லாம் போச்சு என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வாரமும் அவர் கூட்டத்துக்குப் போனார். குடித்துவிட்டதை அங்கே எழுந்து நின்று சொல்லிவிட்டு, நேராக எங்கள் வீட்டுக்கு வந்து என் மகளிடமும் அதையே சொன்னார். முந்தைய இரண்டு முறையும் அவர் மறைத்தார், நாங்கள்தான் கண்டுபிடித்தோம். இந்த முறை மறைக்கவில்லை என்பதுதான் என் மகளை யோசிக்கவைத்தது. பொங்கலுக்கு முன்பு குழந்தையோடு எர்ணாவூருக்குத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை.

போன மாதம் எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளைக்கு ஒரு போன் வந்தது. திருவொற்றியூரில் யாரோ ஒருவர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆகிறதாம், டாஸ்மாக் கடை வாசலில் நின்றுகொண்டு பேசினார். "அங்கியே நில்லு மாமு, உள்ள மட்டும் போவாத, தோ வந்துகினே கீறேன்" என்று சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு மாப்பிள்ளை கிளம்பினார். வஞ்சிர மீன் வறுவல் இலையில் அப்படியே இருந்தது. என் மகள் ஒரு தட்டை எடுத்து அதை மூடிவைத்தாள்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். பேர் மட்டும் போடாமல் எழுதச் சொன்னார். கல்யாணத்தன்று இவர் என் மாப்பிள்ளை என்று வந்தவர்களுக்கெல்லாம் முறைக்காகச் சொன்னேன். இப்போது யாரும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன், சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உரத்துத்தான் போகிறது.