பேண்டேஜ் துணியில் ஏறிய சிவப்பு

பதினேழு வருஷம் வெயிலில் காய்ந்த ஒரு காரை வெறும் கையால் பாலிஷ் போட்டிருக்கிறீர்களா? மெஷின் கிடையாது, கை மட்டும்தான். போட்டிருந்தால் என் தோள்பட்டை வலி உங்களுக்குப் புரியும். போடாவிட்டாலும் படியுங்கள். நான் வாங்கிய பல்பு எவ்வளவு பெரியது என்று யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்.

அப்பா பட்டாளத்திலிருந்து திரும்பி வந்ததும் வாங்கிய சிவப்புக் கார் அது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் கூரையில்லாமல் நின்று நின்று சிவப்பு ரோஸாகி, ரோஸும் போய் வெளுத்த செங்கல் மாதிரி ஆகிவிட்டது. காலேஜ் முடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு வேலை கிடைத்த அன்று அப்பா சொன்னார்:

“ஏட்டி, அந்த வண்டிய நீயே வச்சுக்கோ. ஆனா இந்தக் கோலத்துல ஓட்டிக்கிட்டுப் போகாத, ஊரே சிரிக்கும். மொதல்ல பளபளன்னு ஆக்கு.”

அண்ணன் காலேஜ் முடித்தபோது அவனுக்குப் புது பைக் வந்தது. அதைத் தேய் என்று யாரும் சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே? கார் என்றதும் மண்டைக்குள் ஏசி ஓட ஆரம்பித்துவிட்டது.

வேலையில் சேர ஒரு மாசம் இருந்தது. தினமும் வெயில் ஏறுமுன் எழுந்துவிடுவேன். கழுவிய பிறகு, கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பெயிண்ட்டைத் தடவிப் பார்த்தால் ரவை தூவிய மாதிரி நெறுநெறுவென்று இருக்கும். அதை எடுக்க ஒரு களிமண் கட்டி விற்கிறார்கள். சோப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அதைப் பெயிண்ட் மேல் தேய்க்க வேண்டும். டிக்கிக்கு மட்டும் ஒரு முழு நாள் ஆனது.

அடுத்து பாலிஷ். அதற்கு மெத்தென்ற துணி வேண்டும். சத்திரப்பட்டியில் சித்தி வீட்டில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் துடைக்கிற துணியைக் கடையில் வாங்குகிற வழக்கமே இல்லை. மூக்குக் கண்ணாடி முதல் மிக்ஸி வரை எல்லாவற்றுக்கும் பேண்டேஜ் துணிதான். ஒரு பை நிறைய வாங்கி வந்து பேனட்டைத் தேய்த்தேன். வெயில் விழுந்ததும் பார்த்தால் பேனட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல். சித்திக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன்.

“கூறுகெட்டவளே, தறியில இருந்து எறங்குன துணியில கஞ்சி இருக்கும்ல? வெந்நியில போட்டு அலசாமயா தேச்ச? நீயெல்லாம் டிகிரி முடிச்சவளா?”

துணி அத்தனையையும் கொதிக்க வைத்து, அலசி, காயப்போட்டு, பேனட்டை முதலிலிருந்து ஆரம்பித்தேன். பழைய பெயிண்ட் என்பதால் மேலே கண்ணாடி மாதிரி காக்கிற பூச்சு கிடையாது. பாலிஷ் போட்டால் நிறமே துணியில் ஏறும். அதனால் ஓரங்களில் டேப் ஒட்டி, இரண்டு சாண் இரண்டு சாணாக, பயந்து பயந்து தேய்க்க வேண்டும். சாயங்காலம் கொடியில் தொங்கிய துணிகளைப் பார்த்து அம்மா அலறினாள்.

“ஐயையோ, யாருக்குட்டி அடிபட்டுச்சு?”

“காருக்கு.”

“எனக்கு நெஞ்சே நின்னு போச்சு, மூதேவி.”

கடைசியில் மெழுகு. மெலிசாகத் தடவி, பனி படர்ந்த மாதிரி வெளுத்ததும் துடைத்தெடுக்க வேண்டும். முதல் கதவைத் துடைத்தபோது என் முகம் அதில் தெரிந்தது. செம சிவப்பு.

அப்பா தினமும் சாயங்காலம் போனோடு வந்து போட்டோ எடுப்பார். மகளை நினைத்துப் பெருமைப்படுகிறார் என்று நினைத்தேன்.

“ஒன் நெழலு வண்டி மேல விழுது. செத்த நேரம் தள்ளி நில்லு.”

நானும் தள்ளி நின்றேன். ஒரு போட்டோவில்கூட நான் இல்லை.

நேற்று சீட் கவர் பார்க்க நானே காரை ஓட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அப்பாவுக்குப் பழக்கமான கடைக்கார அண்ணாச்சி காரைச் சுற்றி வந்து, கதவை விரலால் தடவிப் பார்த்தார்.

“ஏம்மா, நாளைக்கு நானே வாரேன்னுதான அப்பாட்ட சொன்னேன். அதுக்குள்ள நீ கொண்டாந்துட்ட?”

“நீங்க எதுக்கு அண்ணாச்சி அங்க வாரீங்க?”

“வண்டிய எடுக்கத்தான். எம் மருமகனுக்கு. அப்பா எல்லாம் பேசி முடிச்சிட்டாரே, ஒன்ட்ட சொல்லலயா?”

போனை எடுத்துக் காட்டினார். எல்லாம் அப்பா எடுத்த போட்டோக்கள். கீழே அப்பா எழுதியிருந்தார்: ‘ஒரிஜினல் பெயிண்ட். மகள் கையால் பாலிஷ் போட்டது.’

அண்ணாச்சி டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வண்டியைத் திருப்பினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன்.

“வண்டிய வித்துட்டீங்களாப்பா?”

“அஞ்சு நிமிசத்துக்கு ஒரு பஸ்ஸு போகுது. ஒனக்கு எதுக்கு காரு?”

“நீயே வச்சுக்கோன்னு சொன்னீங்க.”

“அப்படிச் சொல்லலன்னா நீ இம்புட்டு தேச்சிருப்பியா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அடுப்படிக்குத் திரும்பினேன்.

“ஒனக்குத் தெரியுமாம்மா?”

அம்மா அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அவியதான் சொல்லாதன்னுட்டாக.”

கொடியில் சிவப்பைப் பார்த்து நெஞ்சு நின்றுபோன அதே அம்மா. அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அப்பா செய்ததைவிட இதைத்தான் என்னால் முழுங்க முடியவில்லை.

“நாளைக்கு சர்ச்சுல ஆராதனை முடிஞ்ச பொறவு அண்ணாச்சி வாராக,” என்றார் அப்பா பின்னாலிருந்து. “பேனட்டுல இன்னொரு கோட்டு மெழுகு போட்ரு.”

நான் போடவில்லை. இன்று கோயிலுக்கும் போகவில்லை.

அண்ணாச்சியும் அவர் மருமகனும் ஹாலில் டீ குடித்து முடித்துவிட்டார்கள். அப்பா பீரோவிலும் ஃப்ரிட்ஜ் மேலேயும் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறார். சாவி என் பாக்கெட்டில் இருக்கிறது.