காஜா பெராங்கில் எனக்குப் போடாத இலை

பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு போகும் பிள்ளைகள் சிலர், "தங்கும் வீட்டில் ஏதாவது தப்புச் செய்துவிட்டால்?" என்று கேட்டு எழுதியிருந்தார்கள். நான் செய்ததைவிடப் பெரிதாக உங்களால் செய்ய முடியாது. தைரியமாகப் படியுங்கள்.

மலாயா சுதந்திரம் பெற்ற பின் வந்த முதல் பொங்கல். மதுரையில் பி.ஏ. படித்த நான் ஒரு வருடப் பரிமாற்ற மாணவனாகச் சிங்கப்பூரில் இருந்தேன். பதிலுக்கு மதுரை போகத் தேர்வானவன் என் அறைத்தோழன் நடேசன். மலாக்காச் செட்டி சமூகம். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். அவன் அப்பா சம்மதிக்கவில்லை. அவரைக் கரைக்கத்தான் என்னை மலாக்காவிலிருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான்.

காலை ஏழு மணிக்குப் பஸ். ஏறக்குறைய நூற்றைம்பது மைல். பத்து பகாட்டிலும் மூவாரிலும் பஸ்ஸோடு படகேறி ஆற்றைக் கடக்க வேண்டும். காத்துக் கிடந்தே மலாக்கா சேரப் பிற்பகல் மூன்று மணியாகிவிட்டது. டவுனிலிருந்து அவர்கள் குடியிருந்த காஜா பெராங்குக்குச் சைக்கிள் ரிக்‌ஷா.

"தம்பி ஊருலேருந்து வந்த பிள்ளையா?" என்றார் ரிக்‌ஷாக்காரர். "அங்க தமிழ் பேசினா ஒருத்தருக்கும் வெளங்காது லா. ஆனா சாப்பாடு போட்டா வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க, கோவிச்சுக்குவாங்க."

நடேசனின் அப்பா சுங்க அலுவலகத்தில் எழுத்தர். அவர் மலாயில் சொல்ல, நடேசன் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னான்: "அங்கே இவன் வாயைத் திறந்தால், நீயெல்லாம் என்ன தமிழன் என்று சிரிப்பார்கள். என் பிள்ளை தலைகுனிந்து நிற்கவா அனுப்புவது?" எங்கள் கல்லூரி விடுதியை எனக்குத் தெரியும், அவர் பயந்தது நியாயம்தான்.

மறுநாள் போகி. நடேசன் குளிக்கப் போயிருந்தான். கூடத்தில் பாய்மேல் வரிசையாக வாழையிலைகள்: சோறு, மீன், ஆட்டுக்கறி, சம்பல். எங்கள் வீட்டுப் படையல் என்றால் படத்துக்கு முன்னால் ஒற்றை இலை. இங்கே பந்தியே போட்டிருந்தது. எனக்கு அகோரப் பசி, போதாததற்கு ரிக்‌ஷாக்காரரின் எச்சரிக்கை வேறு. முதல் இலையில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டேன்.

மெழுகுவத்தியோடு வந்த அவன் அம்மா "ஐயோ!" என்று அலறிவிட்டார். ஈரத்தலையோடு ஓடிவந்த நடேசன், "அது எங்கள் முன்னோர்களுக்கு! அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் நாம்!" என்றான். எனக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. போச்சு, நடேசனின் மதுரைப் பயணத்தையே நான் தின்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்பா என்னையே பார்த்தார். பிறகு நடேசன் வழியாகக் கேட்டார்: "மதுரையில் என் மகன் இப்படிச் செய்தால் உன் அம்மா என்ன செய்வார்?"

"முதல்ல திட்டுவாங்க. அப்புறம் வேற இலை போடுவாங்க" என்றேன். நடேசன் அதை மலாயில் சொன்னான்.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் என்னைத் திட்டிக்கொண்டே புது இலைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அப்பா சிரித்துவிட்டார். முன்னோர்கள் சாப்பிட்டு முடித்ததும் "டுடோக் சினி" என்று என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். கை கழுவும்போது மகனிடம், "போய் வா. எந்த நாட்டுப் பிள்ளை என்று கேட்டால் தலைநிமிர்ந்து சொல்" என்றார். எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

போகிறவர்களுக்கு என் யோசனை: போகியன்று போங்கள், ஆனால் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள். உட்காரச் சொல்லும்வரை நில்லுங்கள்.

நடேசன் அப்படித்தான் நின்றான். அந்த வருடமே, நானும் ஊர் திரும்பிய பிறகு, மதுரையில் எங்கள் தாத்தாவுக்குப் படையல் போட்ட அன்று, யாரும் சொல்லாமலே ஒதுங்கி நின்று, கண்ணை மூடி மலாயில் ஏதோ வேண்டிக்கொண்டான்.

"என்ன பாஷைடி இது? எங்கப்பாவுக்கு என்ன புரியும்?" என்று சிரித்தாள் என் அத்தை.

"அதெல்லாம் அவருக்குப் புரியும்" என்றாள் அம்மா. "நீ போயி என் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் இலையைப் போடு."