மாப்பிள்ளை ஹேங் ஆன சாயங்காலம்

போன ஞாயிற்றுக்கிழமை என் லேப்டாப்புக்கு முன்னால் ஒரு தட்டு நிறைய முந்திரிக்கொத்தும் ஒரு கிளாஸ் டீயும் வைத்தார்கள்.

எனக்கு இல்லை. லேப்டாப்புக்கு!

சரியாகச் சொன்னால், லேப்டாப்பில் வரப்போகும் மாப்பிள்ளைக்கு. "பொண்ணு பாக்க வார பையனுக்கு முன்னால ஒண்ணும் வைக்காம எப்படி மைனி?" என்றாள் என் தம்பி மனைவி புஷ்பம். டீ கிளாஸ் கீபோர்டுக்கு ஒரு சாண் தள்ளி ஆடிக்கொண்டிருந்தது. மற்ற எல்லோரும் மாப்பிள்ளைக்காகக் காத்திருக்க, நான் அந்த டீயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். என் தம்பி தாசையன் புதுக்கடையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். அவன் மகள் ஷைனி ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேப் முழுவதையும் கவனித்துக்கொள்கிறாள். அவளுக்கு மண்டைக்காடு பக்கத்திலிருந்து ஒரு வரன். பையன் பெயர் அஜின், கத்தாரில் வேலை. அவனுடைய அம்மாவும் அக்காவும் முந்தின வாரமே நேரில் வந்து, பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பாக்கி இருந்தது பையன் பார்ப்பது மட்டும்தான். அவனுக்கு லீவு இல்லை. அதனால் வீடியோ கால்.

தாசையனுக்கோ தலைகால் புரியவில்லை. கடைக்கு ஆணி வாங்க வந்தவர்களிடம்கூட "கத்தார் மாப்பிள்ளையாக்கும்" என்று சொல்லி முடித்திருந்தான்.

போனில் பேசினால் மூன்று தலைகளில் ஒரு தலையின் மோவாய் மட்டும்தான் தெரியும் என்று, மார்த்தாண்டத்திலிருந்து என் லேப்டாப்பை எடுத்துவரச் சொன்னார்கள். அது பழைய லேப்டாப். சாகக் கிடந்ததை ஷைனிதான் விலையில்லாத ஏதோ ஒரு சிஸ்டத்தைப் போட்டு எழுப்பி உட்கார வைத்தாள். விலையில்லாதது என்பதாலேயே தாசையனுக்கு அதன்மேல் மரியாதையும் இல்லை.

கால் வந்தது. அஜின் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, அடக்கமான சிரிப்பு.

"மாமா, ரூம்ல ஏசி பயங்கர சத்தம். நான் பேசும்போது மட்டும் மைக்க ஆன் பண்ணுதேன், கேட்டியளா?" என்றான். பையன் அங்கே ஏசி மெக்கானிக். அவன் ரூம் ஏசியை யார் சரி செய்வது என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்கவில்லை.

ஊர் நலம், மழை நலம் எல்லாம் விசாரித்து, ஷைனியிடம் ஏதோ கேட்க அவன் வாயைத் திறந்தான்... அப்படியே நின்றுவிட்டான்.

வாய் பாதி திறந்திருந்தது. ஒரு கண் பாதி மூடியிருந்தது. தும்மப் போனவர் நடுவில் மனதை மாற்றிக்கொண்ட மாதிரி ஒரு முகம்.

"ஹலோ... ஹலோ... தம்பி, கேக்குதா?"

தாசையன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். "அங்க நெட்டு போச்சு."

நாங்களும் தலையாட்டினோம். ஏன் தெரியுமா? எங்கள் மாவட்டத்தில் கல்ஃபில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இத்தனை வருடமாக எத்தனை முகங்கள் பேச்சின் நடுவில் எங்கள் முன்னால் நின்றுபோயிருக்கின்றன! ஒவ்வொரு தடவையும் நாங்கள் சொன்னது ஒன்றேதான் — கோளாறு அங்கே. இங்கேயும் இருக்கலாம் என்று ஒரு நாளாவது யாராவது யோசித்திருப்போமா? நான் யோசித்ததில்லை.

ஆக, மாப்பிள்ளை போய்விட்டான், படம் மட்டும் இருக்கிறது. இதைவிட வசதி உண்டா? பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துப் பேசலாம்.

"முன்னால முடி கொஞ்சம் கம்மியோ?" என்று ஆரம்பித்தாள் புஷ்பம்.

"முடிய வச்சு என்ன செய்யப் போற? பையன் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கான்," என்றான் தாசையன்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "மூக்கு மட்டும் அம்மைக்க மூக்க அப்படியே எடுத்து ஒட்டினது மாதிரி இருக்கு," என்றேன். எல்லோரும் சிரித்தோம். ஷைனிகூடச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தாசையன் மகளிடம் திரும்பினான். "ஏட்டி, பையன் திரும்ப வந்தா, கலியாணம் கழிஞ்சு எப்ப அங்க வருவன்னு கேப்பான். விசா வந்ததும் வாறேன்னு சொல்லு, என்ன?"

ஷைனியின் முகம் மாறியது. "நான் போவமாட்டேன்னு அன்னைக்கே சொன்னேனே அப்பா. வேலைய விட்டுட்டு அங்க ஒரு ரூமுக்குள்ள அடஞ்சு கெடக்க எனக்கு ஏலாது. அவியகிட்ட சொல்லியாச்சுன்னு சொன்னியளே?"

"சொல்லணும் மக்கா... பொறவு சொல்லலாம்."

"பொறவுன்னா எப்ப?"

"கலியாணம் கழியட்டும். தாலி ஏறினதுக்குப் பொறவு அவன் என்ன சொல்லப் போறான்?"

ஷைனிக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த லேப்பில் வேலைக்குச் சேர்ந்த அன்று அவள் எனக்குப் போன் செய்து பேசிய பேச்சு எனக்குத் தெரியும். அவளுக்கு அந்த வேலைமேல் உயிர். "அப்ப என்னையும் ஏமாத்தி, அவரையும் ஏமாத்தித்தான் இவ்வளவும் நடந்திருக்கு," என்றாள். தாசையன் வேட்டியைச் சரிசெய்தான். எனக்கு அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல் இருந்தது.

"எனக்கு இந்தக் காலே வேண்டாம். கட் பண்ணப் போறேன்," என்று ஷைனி மௌசைப் பிடித்தாள்.

பிடித்தவள் அப்படியே நின்றாள். மௌசை இந்தப் பக்கம் இழுத்தாள், அந்தப் பக்கம் இழுத்தாள். ஸ்க்ரீனில் அம்பு அசையவில்லை. ஸ்க்ரீன் மூலையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஸ்க்ரீனில் நேரமும் நின்றுபோயிருந்தது. கீபோர்டில் கேப்ஸ் லாக்கை ஒரு தட்டு தட்டினாள். சின்ன விளக்கு எரிந்தது. இன்னொரு தட்டு. அணைந்தது.

"மாமி... உயிர் இருக்கு," என்றாள் என்னிடம்.

"யாருக்கு?"

"லேப்டாப்புக்கு. மேல தெரியுற முகப்பு மட்டும்தான் ஹேங் ஆகி நிக்கி. உள்ள எல்லாம் ஓடிக்கிட்டுதான் இருக்கு." சொல்லிக்கொண்டே ஸ்க்ரீனின் மேல் விளிம்பைக் காட்டினாள். கேமராவின் பச்சை விளக்கு கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தது.

எனக்கு விளங்கவில்லை. "அப்ப அவனுக்கு நெட்டு போவலியா?"

"போவல்ல மாமி. நின்னு போனது நம்ம பக்கம்."

"அப்ப நம்ம பேசினது?"

"அங்க போய்க்கிட்டு இருக்கு."

முடி. மூக்கு. தாலி ஏறினதுக்குப் பொறவு... எல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு நினைவுக்கு வந்தது. புஷ்பம் சேலைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். இனி மூடி என்ன?

தாசையன்தான் முதலில் சுதாரித்துக்கொண்டான். கிசுகிசுப்பாக, "அமத்து! மொத்தமா அமத்திப் போடு. கரண்டு போச்சுன்னு சொல்லிக்கலாம்," என்று பவர் பட்டனுக்குக் கையை நீட்டினான்.

ஷைனி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "ஒரு பொய் போதும்பா."

பிறகு அவள் செய்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், என்றாவது உதவும். பாதியாவது எனக்கு விளங்கியதா என்று கேட்காதீர்கள். அவள் போட்டுத் தந்திருக்கும் சிஸ்டத்தில் கன்ட்ரோல், ஆல்ட், கூடவே மேல் வரிசையில் எஃப் போட்ட பட்டன்களில் ஒன்று — மூன்றையும் சேர்த்து அழுத்தினாள். அஜினும் அவன் பாதி மூடிய கண்ணும் போய், ஸ்க்ரீன் முழுக்கக் கறுப்பானது. மூலையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி.

புஷ்பம் சிலுவை போட்டுக்கொண்டாள். "எல்லாம் போச்சா?"

"இது பொறவாசல் மாதிரிம்மா. முன்வாசல் கதவு இறுகிக்கிட்டா இது வழியா உள்ள போலாம்," என்ற ஷைனி என்னிடம் திரும்பினாள். "பாஸ்வேர்டு சொல்லுங்க மாமி."

சொல்ல வாயெடுத்தேன். பச்சை விளக்கு! சட்டென்று குனிந்து அவள் காதில் சொன்னேன். அவள் அடித்தாள். கறுப்பு ஸ்க்ரீனில் ஒரு எழுத்து, ஒரு புள்ளிகூட விழவில்லை. சரி, கீபோர்டும் செத்தது என்று முடிவு செய்தேன். "அப்படித்தான் மாமி, பாஸ்வேர்டு அடிச்சா இதுல ஒண்ணும் தெரியாது," என்றாள். தெரியாமலேயே அது ஏற்றுக்கொள்ளவும் செய்தது. இது என்ன நியாயம்?

பிறகு வரிவரியாக என்னென்னவோ ஓடியது. "எத்தன டேப்பு திறந்து வச்சிருக்கிய? அதுதான் மூச்சுமுட்டிப் போச்சு," என்றாள். என்ன செய்வது, எனக்கு எதையும் மூட மனம் வராது. தின்று முடித்த அவியலின் சமையல் குறிப்புகூட அதில் இன்னும் திறந்துதான் கிடந்தது. அவள் ஒரே ஒரு வரி அடித்தாள். "முகப்ப மட்டும் திரும்ப எழுப்புதேன். உள்ள ஓடுறதத் தொடமாட்டேன். கால் போவாது... போவாதுன்னுதான் நினைக்கேன்."

அந்த "நினைக்கேன்" எனக்குப் பிடிக்கவில்லை. தாசையனுக்கு அது ரொம்பவும் பிடித்திருந்தது. போய்த் தொலையட்டும் என்று அவன் வேண்டிக்கொண்டது அவன் முகத்திலேயே தெரிந்தது.

மறுபடியும் மூன்று பட்டன். ஸ்க்ரீன் ஒரு தடவை சிமிட்டியது. என் பின்னணிப் படம், என் ஐகான்கள், எல்லாம் இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தன. நடுவில் அஜின். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. வாய் மூடியிருந்தது.

மைக்கை ஆன் பண்ணினான். "மாமா, இப்ப நான் தெரியுதேனா?"

"தெரியுது... நல்லா தெரியுது தம்பி," என்றான் தாசையன், தரையைப் பார்த்தபடி.

"நீங்க எனக்கு எப்பவும் தெரிஞ்சுகிட்டுதான் இருந்திய. நான் கையக் காட்டிப் பாத்தேன், உங்களுக்குத் தெரியல்ல. மைக்க ஆன் பண்ணப் போனா, அந்த நேரம் எனக்க முடியப் பத்திப் பேச்சு வந்தாச்சு. நடுவுல பேசினா உங்களுக்குத்தான சங்கடம்..." என்றவன் என் பக்கம் பார்த்து, "மூக்கு அம்மைக்க மூக்குதான்," என்றான்.

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது எனக்கு.

அப்புறம் அவன் சிரிப்பு போய்விட்டது. "பொறவு ஷைனி பேசினதக் கேட்டேன். அதுக்கு மேல எனக்குப் பேச வாய் வரல்ல."

ஷைனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் பேசினதுதான் நெசம். நான் வேலைய விடமாட்டேன், அங்க வரவும் மாட்டேன். உங்ககிட்ட சொல்லியாச்சுன்னு நினைச்சுத்தான் இஞ்ச வந்து இருந்தேன். உங்களுக்கு வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க."

முடிந்தது கதை என்று நினைத்தேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுபடியும் ஹேங் ஆகிவிட்டதோ என்று நான் ஸ்க்ரீன் கடிகாரத்தைப் பார்த்தேன். அது ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, நானும் ஒண்ணு சொல்லணும்," என்றான். "எனக்க கான்ட்ராக்ட் இந்த வருஷத்தோட முடியுது. நான் புதுப்பிக்கப் போறதில்ல. ஊருக்கு வந்து மார்த்தாண்டத்துல ஏசி சர்வீஸ் கடை ஒண்ணு போடலாம்னு இருக்கேன். இத உங்ககிட்ட சொல்லணும்னு அம்மாகிட்ட சொன்னேன். அம்மா கேக்கல்ல. 'கல்ஃப் பையன்னாதான் பொண்ணு தருவாவ, கலியாணம் கழியட்டும், பொறவு சொல்லலாம்'னாவ."

பொறவு சொல்லலாம்!

மண்டைக்காட்டில் ஒரு அம்மாவும் புதுக்கடையில் ஒரு அப்பாவும் அதே வாக்கியத்தைத்தான் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேருமே நல்ல மனிதர்கள்தான். பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள்தான். அதற்கு அந்தப் பிள்ளையைக் கட்டப்போகிறவரிடமே மறைக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எத்தனை யோசித்தாலும் பிடிபடவில்லை.

ஷைனி முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். எது எப்போது முடிந்து எது ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. அப்புறம் யாரையும் கேட்காமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தன் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே இருந்து பேச்சுக் குரல் வந்துகொண்டே இருந்தது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. கேட்க ஆசை இருந்தது, அது வேறு விஷயம்.

நாங்கள் மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். இந்தச் சம்பந்தம் கூடிவிட்டதா, முறிந்துவிட்டதா? லேப்டாப் நின்றது நல்லதா, கெட்டதா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. புஷ்பத்துக்கும் புரியவில்லை. இதை எழுதும் இந்த நிமிடம் வரை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரு முடிவும் சொல்லவில்லை. ஷைனி மட்டும் போனைக் கையிலிருந்து கீழே வைப்பதில்லை என்று தகவல்.

அன்று தாசையன் வேட்டியை மறுபடியும் சரிசெய்தான். வாசலைப் பார்த்தான், சாத்திய கதவைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான்.

"எக்கா... அப்ப யாருதான் கல்ஃபுக்குப் போறது?"